ஊமைக்குழாய் கேட்ட அனுமதி

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் விட்டுச் சென்ற போக்குவரத்து விதித் தொகுப்பில் ஒரு விதி உண்டு. எஞ்சின் வைத்த எந்த வண்டியும், பொதுமக்களின் காதுக்குத் தொல்லை தராதபடி, நல்ல நிலையில் உள்ள சத்தம் அடக்கும் கருவியோடுதான் தெருவில் ஓட வேண்டும். வண்டியோடு வந்த கருவியைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டுவதானால் தகுதியுள்ள அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். விண்ணப்பம் மூன்று பிரதிகள். வரைபடம் மையால். பிரெஞ்சில் எழுதாத விண்ணப்பம் விண்ணப்பமே அல்ல.

எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் அந்த விதியை முழுமையாகக் கடைப்பிடித்தவர் ஒரே ஒருவர்தான். அவருக்குக் காது கேட்காது.

ஏதோ மந்தம் என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு தேர்த் திருவிழாவில் அதிர்வேட்டுக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டு, “புகை மட்டும் வருதே, வெடிக்கலியா?” என்று பக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டிருந்தவரை விசாரித்தவர் அவர்.

முதலியார்பேட்டைப் பக்கத்துப் பஞ்சாலை ஒன்றில் இருபத்திரண்டு வருடம் தறிகளைப் பழுது பார்த்தார். முதல் பத்து வருடத்தில் காது போயிற்று. மீதிப் பன்னிரண்டு வருடத்தில் பஞ்சுத் தூசி நெஞ்சுக்குள் போயிற்று. 1956-இல் ஆலையில் ஆட்குறைப்பு வந்தபோது இருமுகிறவர்களை முதலில் அனுப்பினார்கள். அவ்வளவு தறிச் சத்தத்தில் அவருடைய இருமல் மட்டும் மேஸ்திரிக்கு எப்படிக் கேட்டது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ஊமைக்குழாய் என்பது அவருக்கு ஊர் வைத்த பெயர். எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

1954 நவம்பரில் கொடி மாறியது. துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள்; அவர்களுடைய சின்னக் கார்கள் ஏறவில்லை. ஆமை முதுகு மாதிரி வளைந்த, பின்பக்கம் எஞ்சின் வைத்த அந்தக் கார்களை மருந்துக்கடைக்காரர்களும் வக்கீல்களும் வாங்கிக்கொண்டார்கள். எங்கள் ஊர்க் கடற்காற்று எந்தக் காரிலும் முதலில் தின்பது சைலன்சரைத்தான். உள்ளே புகையின் ஈரம், வெளியே உப்பு. இரண்டு பக்கமும் துரு வந்து நடுவில் கைகுலுக்கிக்கொள்ளும். புது சைலன்சர் பிரான்சிலிருந்து வர வேண்டும். அதற்கு இறக்குமதி லைசென்சு வேண்டும். அதற்கு விண்ணப்பம் போட்டவர்கள் பிறகு வேறு நல்ல காரியங்களில் மனத்தைச் செலுத்தினார்கள். ஆக, 1957 வாக்கில் ஊரிலிருந்த சின்னக் கார்கள் எல்லாம் பெரிய சத்தம் போட்டுக்கொண்டு திரிந்தன. சிலர் சைலன்சர் இருந்த இடத்தில் பால்பவுடர் டப்பாவைக் கட்டியிருந்தார்கள். சத்தம் அப்படியேதான் இருந்தது. டப்பாவின் சத்தமும் சேர்ந்துகொண்டது.

ஊமைக்குழாய்க்கு இது எதுவும் கேட்கவில்லை. ஆனால் பார்த்தார். எங்கள் மருந்துக்கடைக்காரர் தமது காரில் தெருமுனையைக் கடக்கும்போது தாய்மார்கள் குழந்தையின் காதைப் பொத்துவதையும், நாய்கள் ஓடுவதையும், பாதிரியார் ஒருவர் சிலுவைக் குறி போட்டுக்கொள்வதையும் பார்த்தார். வேலை போன மனிதர். கையில் தொழில் இருந்தது. ஊரில் எத்தனை சின்னக் கார் இருக்கிறதோ அத்தனைக்கும் ஒரு சைலன்சர் தேவை என்பது அவருக்குப் புரிந்தது. மனைவி ஆலையில் நூல் சுற்றும் பிரிவில் இன்னும் வேலையில் இருந்தார். அந்த ஒரு கூலியில் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு குழாய் ஒப்பேறினால் அவர் பிழைத்துக்கொள்வார், இல்லையென்றால் இல்லை. விஷயம் அவ்வளவுதான்.

ஒழுங்கான மனிதர் என்பதால் முதலில் சட்டம் கேட்க வந்தார். எங்கள் அலுவலகத்து வாகனப் பதிவுப் பிரிவில் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எழுத்தர் நான். எங்கள் ஊரில் மேசைக்கு இந்தப் பக்கம் இருக்கிற எல்லோரும் ‘முசியே’தான்; பிரெஞ்சில் ஐயா என்று அர்த்தம்.

“முசியே, நானே ஒரு சைலன்சர் செஞ்சி மாட்டலாமா? சர்க்காருல கேப்பாங்களா?”

கேட்க மாட்டார்கள். பால்பவுடர் டப்பாவைக் கேட்காத சர்க்கார் இதையா கேட்கப்போகிறது? “போய்ச் செய்யுங்க” என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது. ஆனால் எனக்கு அந்த விதி மனப்பாடம். மனப்பாடமாகத் தெரிந்த ஒன்றைச் சொல்லாமல் இருக்கும் வயது அப்போது எனக்கு வரவில்லை. பிரெஞ்சில் ஒரு முறை, தமிழில் ஒரு முறை ஒப்பித்தேன். அவர் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். முடித்ததும் மரியாதையாகக் கும்பிட்டு, “அப்ப அப்படியே செஞ்சிடலாம் முசியே” என்றார்.

உதட்டைப் பார்த்தார் என்று சொன்னேன். தறிக்கூடத்தில் வேலை செய்தவர்கள் சத்தத்தோடு போட்டி போட்டுக் கத்துவதில்லை. வாயை மட்டும் அசைத்துப் பேசுவார்கள், அடுத்தவர் உதட்டைப் படிப்பார். அவர் மனைவிக்கும் அந்தப் பழக்கம் உண்டு. அவர்கள் தெருவிலேயே மிகக் கடுமையான சண்டைகள் அந்த வீட்டில்தான் நடந்தன என்று எனக்குப் பின்னால் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் அவர்களை ஆதர்சத் தம்பதி என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அவரோடு பழகியதில் எனக்கும் சத்தமில்லாமல் பேச வந்துவிட்டது. அலுவலகத் தாழ்வாரத்தில் நானும் அவரும் எதிரெதிரே நின்று மீன்கள் மாதிரி வாயைத் திறந்து மூடுவதைப் பார்த்து, எனக்கு நல்ல இடத்தில் பெண் பார்த்துக்கொண்டிருந்த தலைமை எழுத்தர் அந்த முயற்சியைக் கைவிட்டார்.

சைலன்சர் செய்கிற ஒரு மனிதருக்குக் காது வேண்டும். அவரிடம் இல்லை. ஆகவே என்னுடையதை எடுத்துக்கொண்டார். ஏற்பாடு இதுதான். ஞாயிற்றுக்கிழமை காலையில், வாய்க்கால் ஓரத்தில் மருந்துக்கடைக்காரரின் கார் நிற்கும். குழாயை மாட்டி எஞ்சினைக் கிளப்புவார்கள். நான் நடந்து போய் அவர் சொன்ன இடத்தில், அடுத்த தெருமுனையில் நிற்க வேண்டும். சத்தம் கேட்டால் கைக்குட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டும். கேட்காவிட்டால் சும்மா நிற்க வேண்டும். அரசு ஊழியன் ஒருவன் ஞாயிறுதோறும் வாய்க்கால் முனையில் நின்று யாருக்கோ கைக்குட்டை வீசுகிறான் என்ற செய்தி என் தாயார் வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

முதல் குழாய்க்குள் தேங்காய் நார் திணித்திருந்தார். சத்தத்தை நார் உறிஞ்சிக்கொள்ளும் என்பது எண்ணம். உறிஞ்சியது. பிறகு பற்றிக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் பின்னால் வால் நட்சத்திரம் மாதிரி நெருப்பு வர, அது தெரியாமல், வாய்க்காலைச் சுற்றி இரண்டு முறை வலம் வந்தார். நான் கைக்குட்டையை வெறிபிடித்தவன் மாதிரி ஆட்டினேன். ஊமைக்குழாய் அதைப் பார்த்து முகம் சுருங்கி, “அவ்ளோ சத்தமா கேக்குது?” என்று வாயசைத்தார்.

இரண்டாவது குழாயில் தகடு தகடாகத் தடுப்பு வைத்திருந்தார். அதில் புகை போக இடமே இல்லை. நான் தெருமுனையில் நின்றேன். நிசப்தம். வாய்க்காலில் தவளை பேசுவது கேட்டது. கைக்குட்டையை எடுக்கவில்லை. தூரத்தில் அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் குதிப்பது தெரிந்தது. மருந்துக்கடைக்காரரைக் கட்டிப்பிடித்தார். நான் கிட்டே போவதற்குள் அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூச்சுவிட வழியில்லாமல் எஞ்சின் எப்போதோ நின்று போயிருந்தது. அதை அவருக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சத்தமில்லாமல் சொன்னேன்.

அன்றிலிருந்து ஒரு இரும்புக் கம்பியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து மறு முனையைப் பல்லில் கடித்துக்கொள்வார். ஓடுகிறதா இல்லையா, மூச்சு முட்டுகிறதா என்பதெல்லாம் பல்லில் தெரியும் என்றார். தெரிந்தது. நல்ல காது உள்ள மெக்கானிக்குகள் கண்டுபிடிக்காததை எல்லாம் அவர் கடித்தே கண்டுபிடித்தார்.

மூன்றாவதும் நான்காவதும் விளங்காமல் போன பிறகு, ஒரு நாள் தாழ்வாரத்தில் என்னைப் பிடித்து நிறுத்தினார். முகம் மலர்ந்திருந்தது, அவர் முகம் அப்படி இருப்பது அபூர்வம்.

“ஷிப்ட் வுடறப்ப பாத்துருக்கீங்களா முசியே? அத்தினி பேரும் ஒரே கேட்டுக்கு ஓடுவான். அதான் கூச்சல். கேட்டைச் சாத்திட்டா கூச்சல் இல்ல, ஆனா ஒருத்தனும் வூட்டுக்குப் போவமாட்டான். உள்ளயே செத்துருவான். அது நான் செஞ்ச ரெண்டாவது கொழாயி.”

“அப்ப இன்னா செய்யறது?”

“கதவ சாத்தக்கூடாது. வழி நெடுக சின்னச் சின்னதா சந்து வுடணும். கூச்சல் போடறவன் சந்துல பூந்து, சுத்தி, களைச்சி, அடங்கிடுவான். நடக்கறவன் நேரா வூட்டுக்குப் போயிடுவான். சத்தத்தைப் புடிச்சி வெச்சிக்கணும் முசியே, காத்தை வுட்டுடணும்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமலுக்காக நிறுத்தினார்.

ஆலையில் நூலுக்குச் சாயம் ஏற்றுவதற்கு, உடம்பெல்லாம் ஓட்டை போட்ட இரும்புக் குழாய் ஒன்று உண்டு. நூலை அதன்மேல் சுற்றிச் சாயத்தை உள்ளிருந்து பாய்ச்சுவார்கள். பழைய இரும்புக் கடையில் அப்படி ஒன்றைப் பிடித்தார். அதைச் சுற்றி பாய்லருக்குச் சுற்றுகிற கல்நார்க் கயிறு, இது பற்றிக்கொள்ளாது. அதற்கு வெளியே தகட்டு உறை. உறைக்குள் இரண்டு அறை, ஒன்று பெரிது, ஒன்று சிறிது. ஏன் சமமாக வைக்கவில்லை என்று கேட்டேன். தடித்த சத்தத்துக்குப் பெரிய அறை, கீச்சுச் சத்தத்துக்குச் சின்ன அறை என்றார். இரண்டையுமே கேட்டு வருடக்கணக்கான மனிதர்.

1958 மார்ச் 2, ஞாயிறு. நான் தெருமுனையில் நின்றேன். அவர் கையசைத்தார், கார் கிளம்பியது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. பழைய அனுபவத்தால் நான் நம்பவில்லை. எஞ்சின் நின்றிருக்கும் என்று நினைத்தேன். அப்போது கார் நகர்ந்து வந்தது. என்னை நோக்கி வந்தது. பத்தடி தூரத்தில்தான் ஒரு மெல்லிய முணுமுணுப்பு, பக்கத்து அறையில் யாரோ ஜெபமாலை உருட்டுகிற மாதிரி. கைக்குட்டையை அப்போதும் நான் தூக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, “வண்டி ஓடுதாய்யா?” என்று என்னையே கேட்டார்.

ஊமைக்குழாய் இந்த முறை குதிக்கவில்லை. கம்பியைப் பல்லில் கடித்தபடி வண்டியோடு கூடவே நடந்து வந்தவர், அதை எடுத்துவிட்டு, “மூச்சு நல்லா வுடுது” என்றார்.

அன்றே அது ஊர் முழுக்கப் பரவி, குழாய்க்கு ஊர் வைத்த ‘ஊமைக்குழாய்’ என்ற பெயர் அவருக்கே ஒட்டிக்கொண்டது. மறுநாளே கார்க்காரர்கள் அவர் வீட்டு வாசலில் நின்றார்கள். அத்தனை பேருக்கும் ஒரே பதில். முசியே சொல்லியிருக்கிறார், சர்க்கார் அனுமதி வரட்டும். வந்த மறுநாள் மாட்டித் தருகிறேன். மருந்துக்கடைக்காரரின் காரிலிருந்தும் குழாயைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார்.

“யோவ், கேஸ் ஆனா நான் பாத்துக்கறேன்யா. மாட்டு” என்றார் மருந்துக்கடைக்காரர்.

“உங்களுக்கு கேஸ் ஆவும். எனுக்குப் பேரு போவும்” என்றாராம் இவர்.

விண்ணப்பத்துக்கு வரைபடம் வேண்டுமே; அதற்கு ஞாயிறு மாலையே உட்கார்ந்துவிட்டோம். அவருக்குக் காகிதத்தில் வரைய வராது. சுண்ணக்கட்டியால் தரையில்தான் வரைவார். ஒற்றை அறை வீடு. கட்டிலைத் தூக்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, சிமெண்டுத் தரையில் குழாயை முழு அளவுக்கு வரைந்தார், ஓட்டைகள் உட்பட. நான் முழங்கால் போட்டு அதைப் பார்த்துக் காகிதத்தில் மையால் ஏற்றினேன். விண்ணப்பம் தீரும்வரை மூலப்படம் இருக்க வேண்டும், அதிகாரி திருத்தம் கேட்டால் ஒப்பிடத் தேவைப்படும் என்று நான்தான் சொன்னேன். ஆகவே அந்த இடத்தைப் பெருக்கக் கூடாது என்று அவர் வீட்டில் சட்டம் போட்டார். அவர் மனைவி விளக்குமாற்றோடு வந்து நின்று என்னைப் பார்த்தார்.

“எப்ப பெருக்கறது முசியே?”

“பதில் வந்ததும் பெருக்கிடலாம். ஒரு மாசம்.”

அந்த அம்மாள் அதன் பிறகு கணவரைப் பார்த்து வாயை மட்டும் அசைத்தார். எனக்கு அப்போதே உதடு படிக்கத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அரசாங்கத்தைப் பற்றியும் என்னைப் பற்றியும் அவருடைய கணிப்பு சரியாக இருந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

மார்ச் 3, திங்கட்கிழமை, மூன்று பிரதிகளும் என் மேசைக்கு வந்தன. பிழையில்லாத விண்ணப்பம். நானே எழுதியது.

இனி தகுதியுள்ள அதிகாரி யார் என்ற கேள்வி. கொடி மாறியிருந்ததே தவிர சட்டம் மாறவில்லை; ஊரை இந்தியாவுக்கு ஒப்படைக்கும் உடன்படிக்கை இன்னும் முழுதாக உறுதியாகாத காலம். சட்டம் பிரெஞ்சுச் சட்டம் என்பதால் அதிகாரியும் அந்தப் பக்கத்து அதிகாரிதான் என்றார் எங்கள் பிரிவுத் தலைவர். கடல் தாண்டிப் போயிற்று. ஊர் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, எங்களிடம் ஏன் வருகிறீர்கள் என்று திரும்பி வந்தது. வடக்கே அனுப்பினோம். பிரெஞ்சில் இருக்கிறது, ஆங்கிலத்தில் வேண்டும் என்று வந்தது. மொழிபெயர்த்து அனுப்பினோம். மூலம் எங்கே என்று வந்தது. மூலத்தை அனுப்பினோம். இது பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் வருவதால் அந்தப் பக்கத்து அதிகாரியை அணுகவும் என்று வந்தது. ஒவ்வொரு முறையும் குறிப்பு எழுதி நூல் கோத்து அனுப்பியவன் நான். அந்தக் கோப்பில் என் கையெழுத்து எவ்வளவு அழகாக இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

ஊமைக்குழாய் திங்கள்தோறும் பத்து மணிக்கு வருவார். உள்ளே வர மாட்டார். தாழ்வாரத்தில், பிரிவுத் தலைவரின் கண்ணாடித் தடுப்புக்கு எதிரே நிற்பார். உள்ளே தலைவர் என்னிடம், “அந்தச் செவிடன் வந்துட்டானா? அடுத்த வாரம் வரச் சொல்லுங்க” என்பார். நான் திரும்பிக் கதவைத் திறப்பதற்குள் வெளியிலிருந்து குரல் வரும்: “சரிங்க முசியே, அடுத்த வாரம் வரேன்.” ஆறு மாதம் போல இது நடந்த பிறகுதான் தலைவருக்கு என்ன நடக்கிறது என்று உறைத்தது. அதன் பிறகு அவர் திங்கட்கிழமைகளில் வாய்க்கு முன்னால் கோப்பைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

அவர் மாற்றலாகி, வெளியூரிலிருந்து ஆங்கிலம் மட்டும் பேசுகிற ஒருவர் வந்தார். ஊமைக்குழாய் இரண்டு திங்கள் கண்ணாடிக்கு எதிரே நின்று பார்த்துவிட்டு வருத்தத்தோடு சொன்னார்: “இவுரு வாயி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது முசியே. பழையவரு திட்டுனாலும் புரியும்.”

இந்த நாட்களில் அவர் கத்தி தீட்டினார். ஸ்டவ் ரிப்பேர் செய்தார். மூலக்குளம் வரைக்கும் நடந்துபோய் கைப்பம்புகளுக்கு வாஷர் மாற்றினார். சைலன்சர் மட்டும் ஒன்றுகூட மாட்டவில்லை. மற்றொரு பட்டறைக்காரர் அவருடைய குழாயை அரைகுறையாகப் பார்த்து, ஒரு அறை வைத்துச் செய்து விற்றார். அனுமதி என்ற சொல்லையே கேள்விப்படாதவர். அந்தக் கார்கள் இரைந்துகொண்டு போகும்போது ஊமைக்குழாய் தெருவில் நின்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குழாயைப் பார்ப்பார். “மூச்சு முட்டுது அதுக்கு. பாத்தாலே தெரியுது” என்பார். கோபப்பட்டதில்லை. கட்டிலுக்கு அடியில் சுண்ணக்கோடு மங்கினால் மேலே மறுபடி போட்டு வைப்பார்.

ஒரு முறை நான் துணிந்து சொன்னேன். அனுமதி கிடக்கட்டும், மாட்டுங்கள், ஒருவரும் கேட்க மாட்டார்கள் என்றேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். எதையோ தவறாகப் படித்துவிட்டதாக நினைத்து, “இன்னொரு தபா சொல்லுங்க” என்றார். எனக்கு இரண்டாம் முறை அதைச் சொல்ல வரவில்லை. “ஒண்ணுமில்ல, சீக்கிரம் வந்துடும்னு சொன்னேன்” என்றேன்.

“அதான பாத்தேன்” என்றார்.

1961 மழைக்காலத்தில் இரண்டு திங்கட்கிழமை அவர் வரவில்லை. இரண்டாவது திங்களுக்கு மூன்றாம் நாள், விசாரித்துக்கொண்டு நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வார்டுக் கதவிலேயே அவர் மூச்சு கேட்டது. பன்னிரண்டு வருடத்துப் பஞ்சு. ஒவ்வொரு மூச்சும் உள்ளே ஏதேதோ தடுப்பில் முட்டி, சந்தில் புகுந்து, களைத்து வெளியே வந்துகொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரர் இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்று என்னிடம் புகார் சொன்னார்.

அவர் மனைவி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் ஊமைக்குழாய் கொஞ்சம் நிமிர்ந்தார்.

“நெஞ்சுல சத்தம் வருதுன்றாரு டாக்டரு. இவளைக் கேட்டா வாயத் தொறக்க மாட்டேன்றா. நீங்க கதவாண்ட போயி நில்லுங்க முசியே.”

போய் நின்றேன். வேறென்ன செய்ய முடியும். அது நல்ல நீளமான வார்டு. ஏறக்குறைய வாய்க்கால் முனைத் தூரம். அவர் என் கையையே பார்த்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டார். கைக்குட்டை என் சட்டைப் பையில் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.

திருப்தியோடு தலையணையில் சாய்ந்தார். நான் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த அம்மாள் என்னைப் பார்த்து உதட்டை மட்டும் அசைத்து, நல்ல காரியம் பண்ணீங்க என்றார். நான் படிப்பேன் என்பது அவருக்கு எப்போதிலிருந்தோ தெரிந்திருக்கிறது.

அடுத்த திங்கட்கிழமை வருவதற்குள் அவர் போய்விட்டார்.

கோப்பு மட்டும் போகவில்லை. கோப்புகளுக்கு நுரையீரல் கிடையாது. 1962 ஆகஸ்டில் உடன்படிக்கை உறுதியாகி ஊர் சட்டப்படியும் மாறியது. அந்தப் பக்கத்து அலுவலகத்தில் பழைய ஊர்க் கணக்கைத் தீர்த்து மூட்டை கட்டிய யாரோ ஒரு நல்ல மனிதர் எங்கள் கோப்பையும் எடுத்து முழுதாகப் படித்திருக்கிறார். அதை முழுதாகப் படித்த முதல் மனிதர் அவராகத்தான் இருக்க வேண்டும். பதில் அரைப் பக்கம். மேற்படி விதி அச்சிட்ட பக்கத்தின் மறுபுறத்தில் உள்ள அடிக்குறிப்பைத் தாங்கள் கவனித்திருப்பீர்கள் என்று நம்புகிறோம், என்று தொடங்கியது.

தொகுப்பை எடுத்துப் பக்கத்தைத் திருப்பினேன். கடல் கடந்த பகுதிகளில், சிறிய வகைக் கார்களைப் பொறுத்தவரை, தகுதியுள்ள அதிகாரி என்பவர் உள்ளூர் வாகனப் பதிவுப் பிரிவின் எழுத்தரே ஆவார். அவர் வண்டியிலிருந்து தக்க தூரத்தில் நின்று, தம் காதால் கேட்டு, திருப்தியுற்றால் விண்ணப்பத்தின்மீது முத்திரையிட்டுத் தரலாம்.

விதி எனக்கு மனப்பாடம். மனப்பாடமாக இருந்ததால் அந்தப் பக்கத்தை நான் திருப்பியதே இல்லை. முத்திரை என் மேசையின் வலது இழுப்பறையில் இருந்தது. அவர் வந்து நின்ற அத்தனை திங்கட்கிழமைகளிலும் அங்கேதான் இருந்தது.

என் பணிக்காலத்தில் நான் செய்த ஒரே முறைகேட்டை இங்கே ஒப்புக்கொள்கிறேன். ஓய்வூதியத்தை நிறுத்துகிறவர்கள் நிறுத்திக்கொள்ளலாம். முத்திரையின் தேதிச் சக்கரங்களைப் பின்னோக்கிச் சுற்றி, 1958 மார்ச் 2 என்று வைத்துக் குத்தினேன். நான் தக்க தூரத்தில் நின்று என் காதால் கேட்டுத் திருப்தியுற்ற நாள் அதுதான். ஞாயிற்றுக்கிழமையன்று முத்திரை குத்திய எழுத்தர் பிரெஞ்சு ஆட்சியிலும் கிடையாது, இந்திய ஆட்சியிலும் கிடையாது; அதுவும் விண்ணப்பம் வருவதற்கு முதல் நாளே. எந்தத் தணிக்கைக்காரரும் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார். யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை. வடிவமைத்தவர் பெயர் என்ற இடத்தில் அவருடைய பெயரை, தகப்பனார் பெயரோடு, முழுதாக எழுதினேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. அது அந்தக் காகிதத்துக்குச் சொந்தம்.

முதலியார்பேட்டைக்கு நடந்தே போனேன். அந்த அம்மாள் காகிதத்தை வாங்கி, தலைகீழாகப் பிடித்து, வெகு நேரம் பார்த்தார். பிறகு கட்டிலை நகர்த்தினார். சுண்ணக்கோடு பாதி அழிந்திருந்தது. பெரிய அறை தெரிந்தது. சின்ன அறை தெரியவில்லை. விளக்குமாறு மூலையில் இருந்தது. அவர் என் பக்கம் திரும்பி, குரலே இல்லாமல் கேட்டார்.

“இப்ப பெருக்கிடலாமா முசியே?”

நானும் குரல் இல்லாமல்தான் பதில் சொன்னேன். வேண்டாம் என்றேன்.

குழாயை மருந்துக்கடைக்காரர் வந்து கேட்டு வாங்கிப்போய் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு தினமும் காலையில் என் ஜன்னலுக்குக் கீழேதான் அந்தக் கார் போனதாம். மற்றவர்கள் சொல்லித் தெரியும். தலையைக் கோப்பில் கவிழ்த்து உட்கார்ந்திருந்த எனக்கு ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

கைக்குட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். முத்திரையில் இருக்கும் தேதி பொய் என்று சொல்லிவிட்டதால், உண்மையான தேதியையும் சொல்லிவிடுவதுதான் முறை. பதில் வந்தது 1962 செப்டம்பர் 10, திங்கட்கிழமை, காலை பத்து மணி.